5.4-லிருந்து 6.6 கர்னலுக்கு மாறியதும் "ஸ்டார்ட்டிங் கர்னல்" வரியோடு போர்டு நின்றுவிடுகிறது

எம்எம்சி_வாசி

64-பிட் ஆர்ம் போர்டு. 2 ஜிபி ராம், ராம் தொடங்கும் முகவரி ஹெக்ஸில் 40000000. ஈஎம்எம்சியில் (போர்டிலேயே ஒட்டியிருக்கும் ஃப்ளாஷ்) ரூட் பார்ட்டிஷன், தனியாக ஒரு எஸ்டி ஸ்லாட், அது காலி. இனிட்ராம்எஃப்எஸ் (கர்னலோடு ராமில் ஏற்றும் தற்காலிக ரூட்) கிடையாது. பூட்லோடர் யூ-பூட், 2018-ஆம் ஆண்டுப் பதிப்பு, அதை மாற்ற அனுமதி இல்லை.

5.4 கர்னல் வருடக்கணக்கில் ஓடுகிறது. இப்போது 6.6-க்கு மாற்ற வேண்டும். பழைய கான்ஃபிக்கை எடுத்து "மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்" போட்டு பில்ட் செய்தேன், எச்சரிக்கை எதுவும் இல்லை. டிடிபியும் (போர்டின் வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீ ஃபைல்) 6.6 மூலத்திலிருந்தே எடுத்தது. யூ-பூட் "ஸ்டார்ட்டிங் கர்னல்" என்று எழுதுகிறது. அதற்குப் பிறகு சீரியலில் ஓர் எழுத்துகூட இல்லை. ரீசெட்டும் ஆவதில்லை.

இதுவரை பார்த்தவை:

கன்சோல் பெயர், பாட் ரேட் இரண்டும் சரி. பூட்ஆர்க்ஸில் (கர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரி) எர்லிகான் (ஆரம்பத்திலேயே சீரியலில் செய்தி காட்டுவது), இக்னோர்_லாக்லெவல், பேனிக்=10 (பேனிக் ஆனால் 10 வினாடியில் ரீசெட்) மூன்றும் சேர்த்துவிட்டேன், பலன் இல்லை. யூ-பூட்டில் "எஃப்டிடி பிரின்ட்" போட்டால் டிடிபி முழுதாகத் தெரிகிறது, சோசன் (chosen) நோடில் ஸ்டட்அவுட்-பாத் இருக்கிறது. பழைய 5.4 இமேஜைத் திரும்ப வைத்தால் உடனே பூட் ஆகிறது.

முகவரிகள் (ஹெக்ஸில்): கர்னல் 40200000, டிடிபி 42000000. இமேஜ் ஃபைல் அளவு 29.2 எம்பி, இடைவெளி 30 எம்பி, ஆக இடம் போதும். 5.4 இமேஜ் 22 எம்பிதான்.

கிட் பைசெக்டில் (கோளாறைக் கொண்டுவந்த கமிட்டைப் பாதி பாதியாக வெட்டித் தேடுவது) இறங்கிவிடலாமா, அதற்கு முன் பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

கிட்பாண்டி

இப்போதைக்கு பைசெக்ட் வேண்டாம்.

5.4-க்கும் 6.6-க்கும் இடையில் 22 வெளியீடுகள். ஒவ்வொன்றிலும் சுமார் பதினைந்தாயிரம் கமிட் என்று வைத்தால் மொத்தம் மூன்று லட்சத்தைத் தாண்டும். பாதி பாதியாக வெட்டினாலும் 18, 19 சுற்று. அதுகூடப் பரவாயில்லை, ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கோளாறு இமேஜ் அளவையோ லோட் முகவரியையோ பொறுத்தது என்றால், பைசெக்ட் கடைசியில் யாரோ ஒருவரின் சம்பந்தமில்லாத கமிட்டைக் கைகாட்டும். அன்றைக்கு அளவு எல்லையைத் தாண்டியது என்பதைத் தவிர அந்தக் கமிட் ஒரு பாவமும் செய்திருக்காது. அதை ரிவர்ட் செய்தால் பூட்டும் ஆகும். "கண்டுபிடித்துவிட்டேன்" என்று மெயிலும் போவீர்கள். பிறகு சம்பந்தமே இல்லாத இன்னொரு டிரைவரைச் சேர்த்ததும் மறுபடி விழும்.

முதலில் போர்டைப் பேச வையுங்கள். என்ன வகைக் கோளாறு என்று தெரிந்த பிறகு பைசெக்ட் தேவையா என்று பார்க்கலாம்.

சீரியல்_சிந்தாமணி

29.2 எம்பி, இடைவெளி 30 எம்பி, இடம் போதும் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்தக் கணக்கில்தான் சந்தேகம்.

ஃபைல் அளவு வேறு, கர்னல் ராமில் பிடிக்கும் அளவு வேறு. பிஎஸ்எஸ் பகுதி (பூஜ்யத்தில் தொடங்கும் மாறிகளுக்கான இடம்) ஃபைலில் இருக்காது, தொடக்கத்திலேயே கர்னல் அதைப் பூஜ்யமாக்கிக்கொள்ளும். ஆரம்பகால பேஜ் டேபிள்களுக்கான இடமும் அதை ஒட்டியேதான் வருகிறது. உண்மையான அளவு ஆர்ம்64 இமேஜின் தலைப்பிலேயே இருக்கிறது: முதல் 16 பைட்டைத் தாண்டி அடுத்த 8 பைட், லிட்டில் எண்டியன். லினக்ஸ் கணினியில் "ஓடி" கட்டளைக்கு 16 பைட் தாண்டச் சொல்லி, 8 பைட்டை 64-பிட் எண்ணாக அச்சிடச் சொல்லுங்கள். சரியான ஃபைலைத்தான் பார்க்கிறோமா என்ற சந்தேகம் வந்தால் 56-ஆவது பைட்டில் "ஏஆர்எம்" எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கம்ப்ரெஸ் செய்த ஃபைலில் இது தெரியாது, வெறும் இமேஜில்தான் தெரியும்.

அந்த எண்ணை 40200000-உடன் கூட்டுங்கள். 42000000-ஐத் தாண்டினால் உங்கள் டிடிபியைக் கர்னலே அழிக்கிறது. யூ-பூட்டில் "எஃப்டிடி பிரின்ட்" சரியாக வருவதால் ஒன்றும் நிரூபணமாகாது. நீங்கள் பார்க்கும்போது டிடிபி நன்றாகத்தான் இருக்கும். கர்னலுக்குள் குதித்த பிறகுதான் அதன் மேல் பூஜ்யம் எழுதப்படுகிறது.

எர்லிகான் ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. ஆர்ம்64-இல் "செட்அப்_மெஷின்_எஃப்டிடி" முதலில் ஓடும், அதற்குப் பிறகுதான் எர்லி பாராமீட்டர்கள் படிக்கப்படும். பூட்ஆர்க்ஸ் இருப்பதே டிடிபிக்குள்தானே. டிடிபி கெட்டிருந்தால் அந்த ஃபங்ஷன் "இன்வாலிட் டிவைஸ் ட்ரீ பிளாப்" என்று ஒரு செய்தியை லாக் பஃபரில் எழுதிவிட்டு முடிவில்லாத லூப்பில் உட்கார்ந்துவிடும். பேனிக் ஆவதில்லை. அதனால்தான் பேனிக்=10 போட்டும் ரீசெட் வரவில்லை. கட்டளை வரியைக் கர்னலுக்குள்ளேயே பொதிந்து வைத்தாலும் உதவாது, அதைப் படிக்கும் கட்டம் இன்னும் வரவில்லை.

ஆக "எர்லிகான் போட்டும் முழு மௌனம்" என்பதே ஒரு தடயம். கோளாறு எர்லிகான் உயிர் பெறுவதற்கு முன்னால் இருக்கிறது, அல்லது எர்லிகானுக்குக் கொடுத்த யுஏஆர்டி (சீரியல் போர்ட்) தவறு. இரண்டில் ஒன்று. ஸ்டட்அவுட்-பாத் சரியாக இருப்பதால் இரண்டாவதற்கு வாய்ப்புக் குறைவு.

உடனே செய்யக்கூடிய சோதனை: யூ-பூட் ப்ராம்ப்டில் டிடிபி முகவரியை 48000000 என்று மாற்றுங்கள் (ஹெக்ஸ் என்று தனியாகச் சொல்ல வேண்டாம், யூ-பூட் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும்), டிடிபியை அங்கே லோட் செய்து "பூட்ஐ" கொடுங்கள். "சேவ்என்வ்" போடாதீர்கள். தவறாகப் போனாலும் அடுத்த ரீசெட்டில் பழையபடி ஆகிவிடும்.

இன்னொன்று, "எஃப்டிடி_ஹை" மாறியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

எம்எம்சி_வாசி

தலைப்பில் இருக்கும் எண் தசமத்தில் 31981568. அதாவது 30.5 எம்பி. 40200000-உடன் கூட்டினால் 42080000 வருகிறது. டிடிபி இருக்கும் இடத்தைத் தாண்டி அரை எம்பி உள்ளே போகிறது.

"எஃப்டிடி_ஹை"-யில் எல்லா பிட்டும் ஒன்றாக இருக்கிறது, போர்டோடு வந்த அமைப்பு அது.

டிடிபியை 48000000-இல் வைத்ததும் சீரியல் பேச ஆரம்பித்துவிட்டது! ஆனால் பூட் முடியவில்லை. கடைசி வரிகளின் சாரம்: எம்எம்சி 0-இல் ஹெச்எஸ்400 கார்டு கண்டுபிடிக்கப்பட்டது, "எம்எம்சிபிளாக்0: பி1 பி2" என்று பார்ட்டிஷன்களும் தெரிகின்றன. அதற்கு அடுத்து "வெயிட்டிங் ஃபார் ரூட் டிவைஸ் எம்எம்சிபிளாக்1பி2" என்று நின்றுவிடுகிறது. பூட்ஆர்க்ஸில் ரூட்= எம்எம்சிபிளாக்1பி2, ரூட்வெயிட் இருக்கிறது. 5.4-இல் இதே வரிதான்.

பூட்லோடர்பித்தன்

அடுத்ததற்குப் போகும் முன் முதல் கோளாறை நிரந்தரமாக மூடிவிடுங்கள்.

"எஃப்டிடி_ஹை"-யில் எல்லா பிட்டும் ஒன்று என்றால் "டிடிபியை நகர்த்தாதே, வைத்த இடத்திலேயே பயன்படுத்து" என்று பொருள். அந்த மாறி இல்லையென்றால் யூ-பூட் தானாகவே டிடிபியை ராமில் பாதுகாப்பான இடத்துக்கு நகலெடுத்திருக்கும், உங்களுக்கு இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. பழைய போர்டு அமைப்புகளில் இந்த வரி ஒருவரைப் பார்த்து ஒருவர் ஒட்டியே பரவியிருக்கிறது. "இனிட்ஆர்டி_ஹை"-யும் அப்படியே. காரணம் இல்லாமல் இருந்தால் இரண்டையும் நீக்குங்கள். நீக்கிய பின்னும் டிடிபி முகவரியை 48000000, பின்னாளில் ராம்டிஸ்க் வந்தால் 49000000 என்று தள்ளியே வையுங்கள். 2 ஜிபி ராமில் 128 எம்பி தள்ளி வைப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. டிடிபி 8 பைட் எல்லையில் தொடங்க வேண்டும், 2 எம்பியைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. டிவைஸ் ட்ரீயில் ரிசர்வ்டு-மெமரி ஏதாவது அந்த முகவரியில் இருக்கிறதா என்று மட்டும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். வீடியோவுக்கோ பாதுகாப்பு ஃபர்ம்வேருக்கோ ஒதுக்கிய இடத்தில் போய் விழுந்தால் அது வேறு தலைவலி.

இதே போல இன்னொரு பொறி இருக்கிறது, இந்தத் திரியைத் தேடி வருபவர்களுக்காக எழுதுகிறேன். 5.7 வரை ஆர்ம்64 கர்னலின் டெக்ஸ்ட் ஆஃப்செட் ஹெக்ஸில் 80000, அதாவது 512 கேபி. அதனால் பழைய போர்டுகளில் கர்னல் முகவரி 40080000 என்று இருக்கும். 5.8-இலிருந்து ஆஃப்செட் பூஜ்யம். கர்னல் 2 எம்பி எல்லையில் உட்கார வேண்டும் என்பதால் அதே 40080000-இல் லோட் செய்தால் யூ-பூட் அதை 40200000-க்கு நகர்த்தும். "மூவிங் இமேஜ்" என்று ஒரு வரி வரும், கடைசியில் முடியும் முகவரியையும் சொல்லும். இந்த ஒன்றரை எம்பி நகர்வே சிலருக்கு டிடிபியை அழிக்கப் போதும். அப்போது மௌனம் இருக்காது, நகலெடுத்த பிறகுதான் யூ-பூட் டிடிபியைத் தேடுகிறது, ஆக "டிவைஸ் ட்ரீ கிடைக்கவில்லை" என்று அதுவே கத்தும். உங்கள் முகவரி ஏற்கெனவே 2 எம்பி எல்லையில் இருந்ததால் நகர்வு நடக்கவில்லை, எச்சரிக்கையும் வரவில்லை. புதிய யூ-பூட் பதிப்புகள் இந்த மோதலைத் தாங்களே கண்டுபிடித்து பூட்டை நிறுத்திவிடும்.

உறங்காக்கர்னல்

மேலே சொன்ன லாக் பஃபர் விஷயத்தில் ஒரு துணுக்கு. எர்லிகானுக்கு முன்னால் சாகும் கர்னலின் கடைசிச் செய்தியைச் சில சமயம் ராமிலிருந்தே வாசித்துவிடலாம்.

சிஸ்டம்.மேப் ஃபைலில் "__லாக்_பஃப்" என்ற சிம்பலின் முகவரியிலிருந்து "_டெக்ஸ்ட்" முகவரியைக் கழியுங்கள். மிச்சத்தைக் கர்னல் லோட் முகவரியுடன், இங்கே 40200000, கூட்டுங்கள். போர்டு தொங்கியதும் ரீசெட் பட்டனை அழுத்துங்கள், பவரைப் பிடுங்கக்கூடாது. யூ-பூட் ப்ராம்ப்டில் நிறுத்தி, கர்னலைத் திரும்ப லோட் செய்யாமல், "எம்டி.பி" கட்டளையால் அந்த முகவரியில் ஓரிரு கேபி பாருங்கள். வலப்பக்க எழுத்துப் பத்தியில் "பூட்டிங் லினக்ஸ் ஆன் ஃபிசிக்கல் சிபியு" போன்ற வாசகங்கள் தெரிந்தால் கர்னல் சி கோடு வரை வந்திருக்கிறது.

எல்லாப் போர்டிலும் கைகொடுக்காது. கேஷில் இருந்து ராமுக்கு எழுதப்படாத வரிகள் ரீசெட்டில் போய்விடும். சில எஸ்பிஎல்கள் (யூ-பூட்டுக்கு முன் ஓடும் சிறிய லோடர்கள்) டிடிஆர் ராமைத் தொடங்கும்போதே உள்ளடக்கத்தைக் கலைத்துவிடும். ஒன்றும் தெரியவில்லை என்றால் "கர்னல் ஓடவே இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். தெரிந்தால் லாபம். ஜேடேக் (வன்பொருள் டீபக் இணைப்பு) இருந்தால் இந்தச் சுற்றே வேண்டாம், புரோகிராம் கவுன்டர் எந்த ஃபங்ஷனில் சுற்றுகிறது என்று நேரே பார்த்துவிடலாம்.

சீரியல்_சிந்தாமணி

இரண்டாவது கோளாறுக்கு வருவோம். இது நிஜமாகவே கர்னல் மாற்றத்தால் வந்தது.

உங்கள் ஈஎம்எம்சி செத்துப்போகவில்லை. 5.4-இல் எம்எம்சிபிளாக்1 ஆக இருந்தது இப்போது எம்எம்சிபிளாக்0. லாகிலேயே அது தெரிகிறது. 5.10-இல் பெரும்பாலான எம்எம்சி ஹோஸ்ட் டிரைவர்கள் அசிங்க்ரனஸ் ப்ரோப் முறைக்கு (டிரைவர்கள் ஒன்றுக்கொன்று காத்திராமல் தத்தம் சாதனத்தைத் தொடங்குவது) மாற்றப்பட்டன. முன்பு டிவைஸ் ட்ரீயில் எந்த வரிசையில் கன்ட்ரோலர்கள் எழுதப்பட்டிருந்தனவோ பெரும்பாலும் அதே வரிசையில் எண் கிடைக்கும்: எஸ்டி முதலில், ஈஎம்எம்சி அடுத்து. இப்போது இரண்டும் இணையாக ஓடுகின்றன, முதலில் முடிப்பவருக்கு 0. ஒரு பூட்டில் 0, அடுத்த பூட்டில் 1 என்று மாறவும் கூடும், அதனால் ரூட்= வரியில் 1-ஐ 0 ஆக்குவது தீர்வாகாது. மேசையில் பத்து முறை பூட் ஆகும், களத்தில் போய்த் தொங்கும்.

அதே 5.10-இலேயே மருந்தும் வந்தது: டிவைஸ் ட்ரீயின் ஏலியாசஸ் நோடில் எம்எம்சி0, எம்எம்சி1 என்று எந்தக் கன்ட்ரோலருக்கு எந்த எண் என எழுதிவிட்டால் கர்னல் அதை மதிக்கும். உங்கள் போர்டின் டிடிஎஸ்ஸில் (டிடிபியின் மூல ஃபைல்) எஸ்டிக்கு எம்எம்சி0, ஈஎம்எம்சிக்கு எம்எம்சி1 என்று கொடுத்தால் பழைய எண்ணே திரும்பிவிடும். யூ-பூட்டில் இருக்கும் "எம்எம்சி 0", "எம்எம்சி 1" எண்களுக்கும் லினக்ஸின் எண்களுக்கும் சம்பந்தமே இல்லை, அதை வைத்து இதைத் தீர்மானிக்காதீர்கள்.

கிட்பாண்டி

ஏலியாஸ் எதற்கு? ரூட்=பார்ட்யூயூஐடி (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) என்று போட்டால் எண் எதுவானாலும் கவலையில்லை. யூ-பூட்டில் "பார்ட் யூயூஐடி எம்எம்சி 0:2" என்று கேட்டால் அதுவே எண்ணைக் கொடுக்கும், பூட் ஸ்க்ரிப்டில் மாறியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஃபைல் சிஸ்டத்தின் யூயூஐடியை ரூட்=யூயூஐடி என்று கொடுக்காதீர்கள். அதைப் படிப்பது இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இருக்கும் யூசர்ஸ்பேஸ். உங்களிடம் அது இல்லை, கர்னலுக்கு அது புரியாது. இந்த இரண்டில் பார்ட்டிஷன் டேபிளில் இருக்கும் பார்ட்யூயூஐடி மட்டும்தான் கர்னலுக்கு நேரடியாகப் புரியும்.

சீரியல்_சிந்தாமணி

ஒரே போர்டு என்றால் பார்ட்யூயூஐடி போதும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மாதிரிப் போர்டுகளில் ஒரே இமேஜைத்தான் ஈஎம்எம்சிக்கும் மீட்பு எஸ்டி கார்டுக்கும் "டிடி" போட்டு எழுதுவார்கள். அப்போது இரண்டிலும் பார்ட்யூயூஐடி ஒன்றே. கார்டைச் செருகிய நிலையில் பூட் செய்தால் எது முதலில் கிடைக்கிறதோ அதுதான் ரூட். யாருக்கும் தெரியாமல் எஸ்டியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும்.

ரூட் வரியோடு விஷயம் முடிவதும் இல்லை. எம்எம்சிபிளாக்1 என்று எழுதியிருக்கும் இடங்களை எல்லாம் தேடுங்கள்: எஃப்எஸ்டேப், அப்டேட் ஸ்க்ரிப்டுகள், முக்கியமாக "எஃப்டபிள்யூ_என்வ்.கான்ஃபிக்". அதில் எம்எம்சிபிளாக்1பூட்0 என்று இருந்தால், பூட் ஆன பிறகு யூ-பூட் மாறியை மாற்றும் கட்டளை தவறான சாதனத்தைத் தேடும். ஏலியாஸ் போட்டால் இவை அனைத்தும் ஒரே அடியில் சரியாகும். என் பரிந்துரை: ஏலியாஸ் கட்டாயம், பார்ட்யூயூஐடி விருப்பம்.

எம்எம்சி_வாசி

ஏலியாஸ் சேர்த்த டிடிபியோடு முதல் போர்டு முழுதாக பூட் ஆகிவிட்டது. "எஃப்டிடி_ஹை" நீக்கம், முகவரி மாற்றம் இரண்டையும் சேமித்துவிட்டேன். எஃப்டபிள்யூ_என்வ்.கான்ஃபிக்கில் நீங்கள் சொன்ன மாதிரியே எம்எம்சிபிளாக்1பூட்0 இருந்தது.

ஆனால் போர்டின் அடுத்த ரிவிஷனில், பவர் சிப் வேறு, அதே கர்னல் மறுபடி "வெயிட்டிங் ஃபார் ரூட் டிவைஸ்". இந்த முறை எம்எம்சி பற்றி லாகில் ஒரு வரிகூட இல்லை. சில வினாடி கழித்து எம்எம்சி கன்ட்ரோலரின் பெயருக்குப் பக்கத்தில் "டிஃபர்டு ப்ரோப் பெண்டிங்" என்று வருகிறது. 5.4-இல் இந்த ரிவிஷனும் ஓடியது.

உறங்காக்கர்னல்

நல்ல லாக் அது. எம்எம்சி டிரைவர் இருக்கிறது, தனக்கு வேண்டிய வேறொன்று வரும் என்று காத்திருக்கிறது. ஈஎம்எம்சியின் மின்சாரம் பவர் சிப்பின் ஒரு ரெகுலேட்டரிலிருந்து வரும், டிடிஎஸ்ஸில் விஎம்எம்சி-சப்ளை என்று பாருங்கள். அந்தப் பவர் சிப்பின் டிரைவர் மாட்யூலாக (கர்னலுக்கு வெளியே தனி ஃபைலாக) போயிருந்தாலோ கான்ஃபிக்கிலிருந்து விழுந்திருந்தாலோ கதை முடிந்தது: மாட்யூல் இருப்பது ரூட்டில், ரூட் இருப்பது ஈஎம்எம்சியில், ஈஎம்எம்சி மாட்யூலுக்குக் காத்திருக்கிறது.

ஓல்ட்டெஃப்கான்ஃபிக் இதை உங்களிடம் சொல்லாது. புதிய கேள்விகளுக்கெல்லாம் இயல்பு விடையைத் தானே எழுதிக்கொள்ளும். சார்பு நிறைவேறாத தேர்வுகளைச் சத்தமில்லாமல் கைவிடும். ஒரு டிரைவர் புதிய ஒரு தேர்வைச் சார்ந்திருக்கும்படி மாற்றப்பட்டு, அந்தத் தேர்வின் இயல்பு விடை "இல்லை" என்றால், பழைய கான்ஃபிக்கில் "ஒய்" (கர்னலுக்குள்ளேயே சேர்) என்று இருந்த உங்கள் டிரைவரும் சேர்ந்து போய்விடும். அடுத்த முறை முதலில் "மேக் லிஸ்ட்நியூகான்ஃபிக்" போட்டுப் பட்டியலைப் பாருங்கள். இப்போதைக்கு கர்னல் மூலத்தின் ஸ்க்ரிப்ட்ஸ் அடைவில் இருக்கும் "டிஃப்கான்ஃபிக்" கருவிக்கு பழைய, புதிய கான்ஃபிக் இரண்டையும் கொடுங்கள். கழித்தல் குறியோடு வரும் வரிகளில் ரெகுலேட்டர், எம்எஃப்டி (பல வேலை செய்யும் சிப்பின் அடிப்படை டிரைவர்), ஐ2சி (சிப்புகளை இணைக்கும் பஸ்), பின்கன்ட்ரோல், கிளாக் என்ற சொற்கள் உள்ளவற்றை மட்டும் முதலில் பாருங்கள். பவர் சிப் ஐ2சியில் தொங்குவதால் ஐ2சி கன்ட்ரோலரும் "ஒய்" ஆக இருக்க வேண்டும்.

யாருக்காகக் காத்திருக்கிறது என்று நேரில் பார்க்க, ஸ்டாட்டிக்காக பில்ட் செய்த பிஸிபாக்ஸ் ஒன்றை மட்டும் வைத்து "நியூசி" வடிவில் சிபிஐஓ தொகுப்பு கட்டி, ஜிஸிப் செய்து, ராம்டிஸ்காகக் கொடுங்கள். பூட்ஆர்க்ஸில் ஆர்டிஇனிட்= என்று அதிலுள்ள ஷெல்லைக் காட்டுங்கள். ஷெல் கிடைத்ததும் டீபக்எஃப்எஸ்ஸை மவுன்ட் செய்து "டிவைசஸ்_டிஃபர்டு" ஃபைலை வாசித்தால் காத்திருக்கும் சாதனங்களின் பட்டியல் வரும், பெரும்பாலும் காரணத்தோடு.

5.13-இலிருந்து "எஃப்டபிள்யூ_டெவ்லிங்க்" இயல்பாகவே ஆன் நிலையில் இருப்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். டிடிஎஸ்ஸில் ஒரு நோட் இன்னொன்றைச் சுட்டினால், சுட்டப்பட்டது வரும்வரை கர்னல் முதலாவதை ப்ரோப் செய்யவே விடாது. 5.4-இல் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பூட்ஆர்க்ஸில் எஃப்டபிள்யூ_டெவ்லிங்க்=பெர்மிஸிவ் போட்டுப் பாருங்கள். பூட் ஆகிவிட்டால் டிடிஎஸ்ஸில் தேவையற்ற ஒரு சுட்டல் இருக்கிறது, அல்லது டிரைவர் இல்லாத ஒன்றைச் சுட்டுகிறது, அதைத் திருத்துங்கள். அப்போதும் காத்திருந்தால் எம்எம்சி டிரைவரே அந்த ரெகுலேட்டரைக் கேட்கிறது, டிரைவர் நிஜமாகவே இல்லை என்று பொருள். பெர்மிஸிவை நோய் அறியும் கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தயாரிப்பு பூட்ஆர்க்ஸில் விட்டுவிடாதீர்கள்.

எம்எம்சி_வாசி

பெர்மிஸிவ் போட்டும் காத்திருந்தது. டிஃப்கான்ஃபிக்கில் இரண்டாவது ரிவிஷனின் பவர் சிப் ரெகுலேட்டர் டிரைவர் காணாமல் போனது தெரிந்தது, அதன் எம்எஃப்டி டிரைவர் மாட்யூலாக இருந்தது. இரண்டையும் "ஒய்" ஆக்கியதும் பூட் ஆகிவிட்டது. ஏலியாஸ் இருப்பதால் எம்எம்சி எண்ணும் சரி.

இன்னொரு கேள்வி. இதெல்லாம் பொருந்தாமல், நிஜமாகவே ஒரு கமிட்டைப் பிடிக்க வேண்டி வந்தால் இந்தப் போர்டில் பைசெக்டைத் தானியங்கியாக ஓட்ட முடியுமா?

கிட்பாண்டி

முடியும். ஆனால் முதலில் வரம்பைச் சுருக்குங்கள். 5.10, 5.15, 6.1 என்று எல்டிஎஸ் (நீண்டகாலப் பராமரிப்பு) வரிசைகளை ஒவ்வொன்றாக பூட் செய்து எந்த இரண்டுக்கு நடுவில் உடைகிறது என்று பாருங்கள். பிறகு ஸ்டேபிள் எண்களை விட்டுவிட்டு மெயின்லைன் டேக்குகளுக்கு நடுவில் பைசெக்ட் செய்யுங்கள். ஒரே வெளியீட்டுக்குள் அடங்கிவிட்டால் 14 சுற்று அளவில் முடியும். 5.10.50 நல்லது, 5.15.20 கெட்டது என்று கொடுத்தால் கிட் முதலில் இரண்டும் பிரிந்த இடமான 5.10-ஐயே சோதிக்கச் சொல்லும், குழப்பம்தான் மிஞ்சும்.

ஒவ்வொரு சுற்றிலும் கான்ஃபிக்கைத் தனியே பத்திரப்படுத்திய மூல நகலிலிருந்து எடுத்துவந்து ஓல்ட்டெஃப்கான்ஃபிக் போடுங்கள். முந்தைய சுற்றின் கான்ஃபிக்கைத் தொடராதீர்கள். பழைய கமிட்டுக்குப் போகும்போது அங்கே இல்லாத தேர்வுகள் உதிர்ந்துவிடும், புதிய கமிட்டுக்குத் திரும்பும்போது அவை திரும்பி வராது. அப்புறம் நீங்கள் தேடுவது கமிட்டை அல்ல, உதிர்ந்த கான்ஃபிக்கை. டிடிபியையும் அதே கமிட்டிலிருந்து பில்ட் செய்யுங்கள். லோக்கல்வெர்ஷன்_ஆட்டோ ஆன் செய்து வைத்தால் "லினக்ஸ் வெர்ஷன்" வரியில் கமிட் எண் வரும். டிஎஃப்டிபி சர்வரில் (போர்டு நெட்வொர்க் வழியே இமேஜை எடுக்கும் இடம்) பழைய இமேஜே கிடந்து அதையே திரும்பத் திரும்பச் சோதிக்கும் விபத்தை அந்த வரிதான் தடுக்கும்.

"கிட் பைசெக்ட் ரன்" ஸ்க்ரிப்டின் எக்ஸிட் எண்கள்: 0 என்றால் நல்லது, 1 முதல் 127 வரை கெட்டது, அதில் 125 மட்டும் "இதைச் சோதிக்க முடியவில்லை, தாண்டு". 127-ஐத் தாண்டினால் பைசெக்டே நிற்கும். பில்ட் உடைந்தால் 125. ரிலே மூலம் பவரை நிறுத்திப் போட்டு, சீரியலில் முதலில் "ஸ்டார்ட்டிங் கர்னல்" வருகிறதா என்று பாருங்கள். அதுவே வரவில்லை என்றால் கோளாறு கேபிளிலோ டிஎஃப்டிபியிலோ. அதைக் "கெட்டது" என்று பதிந்தால் மிச்சச் சுற்றுகள் எல்லாம் பாழ், 128-க்கு மேல் ஓர் எண் கொடுத்து நிறுத்திவிடுங்கள். அந்த வரி வந்து, அதற்குப் பிறகு 60 வினாடிக்குள் லாகின் ப்ராம்ப்ட் வந்தால் 0, வராவிட்டால் 1. எம்எம்சி எண் போல ஓட்டத்துக்கு ஓட்டம் மாறக்கூடிய கோளாறு என்றால் ஒரு கமிட்டை ஐந்து முறையாவது பூட் செய்து, ஐந்தும் தேறினால் மட்டும் 0 கொடுங்கள். தவறிப்போய் ஒரு கெட்ட கமிட்டுக்கு "நல்லது" விழுந்தால் பைசெக்ட் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தவறான பாதியில் இறங்கிவிடும்.

முடிவில் கிடைக்கும் கமிட்டை வெளியீட்டின் நுனியில் ரிவர்ட் செய்து பூட் ஆகிறதா என்று பார்த்துவிட்டு மெயில் எழுதுங்கள். "கெட்_மெயின்டெய்னர்" ஸ்க்ரிப்ட் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும், ரெக்ரஷன்ஸ் மெயிலிங் லிஸ்டையும் நகலில் சேருங்கள். "கிட் பைசெக்ட் லாக்" வெளியீடு, கான்ஃபிக், முழு சீரியல் லாக் மூன்றும் இணைப்பில் இருந்தால் முதல் பதிலிலேயே பேட்ச் வர வாய்ப்புண்டு.

பூட்லோடர்பித்தன்

அந்த ஸ்க்ரிப்டில் ஒரு வரி கூடுதலாகச் சேருங்கள்: பில்ட் முடிந்ததும் இமேஜ் தலைப்பின் 16-ஆவது பைட்டில் இருக்கும் அளவை வாசித்து, லோட் முகவரியுடன் கூட்டி, டிடிபி முகவரியைத் தாண்டினால் 125 கொடுக்கட்டும். பைசெக்டுக்கு மட்டும் இல்லை, தினசரி பில்டிலும் அதே சோதனையை வைத்து, அங்கே தாண்டினால் பில்டையே தோல்வியாக்குங்கள்.